நான் ஏன் சமூகப் பாட ஆசிரியனாகப் போகிறேன்

‘எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறவன் பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் கற்பிக்கப் போகிறானாம்!’ என்று வகுப்பில் ஒரு பேச்சு உலவுகிறது. நண்பர் சிலர் சிரிக்கின்றனர், சிலர் இரங்குகின்றனர். இரு சாராருக்கும் விடை கூற நம் சங்க மலர் இடம் தந்தது, நன்றி.

மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூர் என்னுடையது. தந்தையார் குத்தகைக்குப் பயிரிட்டவர். ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறப்பது எங்கள் பக்கத்தில் பொங்கலைப் போல நாள் குறித்த நிகழ்ச்சி. 2012-இல் அந்நாளில் அணை திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தது. குறுவை போயிற்று. சம்பாவும் கருகிற்று. கடன்காரர் மட்டும் தவறாமல் வந்தார். மறு ஆண்டு பெங்களூருக்குப் புறப்பட்டோம். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தந்தையார் காவலாளியானார். கீழ்த்தளத்து அறையொன்று எங்கள் வீடாயிற்று. அப்போது எனக்கு வயது பதினொன்று.

1809-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டிலிருந்து விரிந்த பகுதி அது. படையோடு வந்த தமிழர் பலர் தண்டில் தங்கிவிட்டதால், எங்களுக்கு முன்பே அங்கே தமிழ் இருந்தது. ஆகவே மொழி எங்களைத் திகைக்க வைக்கவில்லை. குழாய்த் தண்ணீர்தான் திகைக்க வைத்தது. ‘இது எந்தத் தண்ணீர்?’ என்று அம்மா கேட்டார். ‘காவேரிதாம்மா’ என்றார் பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி. ஊரில் எதற்காக வாய்க்காலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தோமோ, அது இங்கே வாளியில் விழுந்துகொண்டிருந்தது!

அந்தக் காவலாளி மண்டியா மாவட்டத்தவர், கரும்பு பயிரிட்டவர். அவரையும் வறட்சியும் கடனுமே இங்கே அனுப்பின. அவர் மகனிடம்தான் நான் கன்னடம் கற்றேன். 2016 செப்டம்பர் 12-இல் இந்நகரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. தெருவில் தமிழ் பேசாதே என்று அம்மா என்னை எச்சரித்தார். அன்றிரவு எங்களுக்குப் பால் வாங்கி வந்து தந்தவர் அந்த மண்டியாக்காரரே. அவருடைய தம்பியோ, அதே வாரத்தில் தமிழகத்துக்குத் தண்ணீர் விடக்கூடாதென்று ஊரில் சாலை மறியலில் அமர்ந்திருந்தார். இவ்விருவரில் யாரை நான் பகைவன் என்பது?

பள்ளியில் காவிரியைப் பற்றிப் படித்தோம். தலைக்காவிரியில் பிறக்கிறது, நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர், இரண்டு மதிப்பெண். 1892, 1924 ஒப்பந்தங்களும், 1990-இல் அமைந்த நடுவர் மன்றமும் எங்கள் வகுப்பின் பக்கமே வரவில்லை. அவற்றைப் பின்னால் நானே தேடிப் படித்தேன். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கர்நாடகம் விடவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. எங்கள் வயலுக்குக் குறைந்ததில் ஒரு பங்கு எங்கள் குழாய்க்கே வருகிறது! பஸ்ஸை எரித்தவனுக்கும் இது தெரியாது. அதைக் கண்டு கொதித்தவனுக்கும் தெரியாது.

பௌதிகத்தை நான் வெறுக்கவில்லை. காவிரி நீரை ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றித்தான் இந்நகருக்குக் கொண்டுவருகின்றனர். பத்து லிட்டர் வாளி ஒன்றுக்குக் குறைந்தது 49,000 ஜூல் ஆற்றல் வேண்டும். இதைப் பௌதிகம் நொடியில் சொல்லிவிடும். அந்த வாளி மன்னார்குடிக்கா, மண்டியாவுக்கா, ரிச்சர்ட்ஸ் டவுனுக்கா என்ற வினாவுக்கு அதனிடம் விடை இல்லை. மழை குறைந்த ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்பதில் பெரியவர்களே இன்னும் முட்டிக்கொள்கின்றனர். நாளை பங்கிடப் போகிறவர்கள் இன்று எட்டாம் வகுப்பில் இருக்கின்றனர். அவர்களுக்குக் கோஷம் போய்ச் சேருமுன் கணக்கும் வரலாறும் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே இந்த முடிவு.

வழி எளிதன்று. என் பட்டத்தை வைத்துக்கொண்டு அறிவியல் ஆசிரியனாகலாம். வரலாற்றுக்கு அது உதவாது. மூன்றாண்டு இளங்கலை, பிறகு இரண்டாண்டு பி.எட். முடிக்கும்போது வயது இருபத்தெட்டைத் தாண்டிவிடும். ‘இன்னும் அஞ்சு வருஷம் நான் கேட்டைத் திறந்து மூடணுமாப்பா?’ என்றார் தந்தையார். அதில் கோபமில்லை, அசதி இருந்தது. மாலையில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து என் செலவையும் வீட்டுச் செலவில் பாதியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தோழர்களே! எங்கள் தெருக் காவலாளிகளின் பிள்ளைகளும் வீட்டு வேலை செய்வோர் பிள்ளைகளும் பன்னிருவர் ஞாயிறு மாலையில் என்னிடம் படிக்கின்றனர். தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கன்னடப் பிள்ளைகளும் உண்டு. பெரிய நதிப் படம் ஒன்றை நாங்களே வரைந்து வருகிறோம். குடகிலிருந்து மேட்டூர் வரை வந்துவிட்டோம். இரு மொழியும் அறிந்தவர் இருவர் துணைக்கு வந்தால், தேர்வுகளுக்கு முன் பூம்புகாரைத் தொட்டுவிடலாம். வருகிறவர்கள் சங்க அறையில் பெயர் கொடுங்கள்.