பெரிய பாஸ்டரும் சின்ன பாஸ்டரும்

டீம் லீடுக்கும் ஜூனியருக்கும் நடக்கற பஞ்சாயத்து நம்ம ஆபீஸ்ல மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க மக்களே. சர்ச்லயும் உண்டு. அங்கி போட்டிருக்கறதால வெளிய தெரியாது, அவ்ளோதான்.

சர்ச் பக்கம் வராதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1947ல உருவான சி.எஸ்.ஐ. சபையில ஆயர்களை நியமிக்கறது, ட்ரான்ஸ்பர் பண்றது எல்லாம் பேராயர் கையில. புதுசா வர்றவர் முதல்ல டீக்கன். பிரசங்கம் பண்ணலாம். ஆனா திருவிருந்தை அவரே தலைமை தாங்கி நடத்த முடியாது, அதுக்கு குருப்பட்டம் வாங்கணும். தனிச் சபைகள்ல கதை வேற. பல இடங்கள்ல பெரிய பாஸ்டர்தான் சபையையே ஆரம்பிச்சவர். யூத் பாஸ்டரைச் சேர்க்கறதும் அவரே, சம்பளம் தர்றதும் அவரே. எங்க போனாலும் வாலிபர்கள் சின்னவர் பொறுப்பு, சாவிக்கொத்து பெரியவர் இடுப்புல!

நான் பார்த்த ரெண்டு சபைக் கதை சொல்றேன்.

முதல் சபையில வாலிபர் கூட்டத்துல கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில, "இங்க கச்சேரிக்கு இடமில்ல"ன்னு பெரியவர் மைக்லயே சொல்லிட்டார். சின்னவர் முன்வரிசையில தலைகுனிஞ்சு உக்கார்ந்திருந்தார். ஆறே மாசத்துல வேற ஊர். அவர் போனதுகூட பரவாயில்லைங்க. வெள்ளிக்கிழமை வந்துட்டிருந்த இருபது பேர்ல நாலு பேர்தான் மிச்சம். வீட்டுப் பிரச்சினையை அந்த அண்ணன்கிட்ட மட்டும் கொட்டிட்டிருந்த ஒரு பையன், அப்புறம் சர்ச் பக்கமே வரல.

ரெண்டாவது சபையில சின்னவர் எடுத்த தலைப்பு, சாதி விட்டுக் கல்யாணம். கமிட்டியில சிலர் குதிகுதின்னு குதிச்சாங்க. ஐயா நிதானமா எழுந்து, "அவர் பேசினதுக்கு நான் பொறுப்பு. கேள்வி இருந்தா என்னைக் கேளுங்க"ன்னார். கப்சிப். அப்புறம் அறைக் கதவைச் சாத்திட்டு தம்பிக்கு செம டோஸாம். "முன்கூட்டியே சொல்லியிருந்தா நாலு பேர்கிட்ட நான் பேசி வெச்சிருப்பேன்ல?" இதை எங்களுக்குச் சொன்னதே சின்னவர்தான், அதுவும் சிரிச்சுக்கிட்டே!

சின்னவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. "பெரியவர் பழைய பஞ்சாங்கம்"னு பசங்க முன்னாடி ஜோக் அடிச்சு கைதட்டு வாங்கறவங்களும் இருக்காங்க. மைக்ல திட்டறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?

இது இன்னைக்கு நேத்து வந்த சண்டையும் இல்ல. பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்க. ஊழியப் பயணத்துல பாதியில கழண்டுக்கிட்ட மாற்கு இனி வேண்டவே வேண்டாம்னு பவுல் ஒத்தைக்கால்ல நிக்கறார். பர்னபா கேக்கல, மாற்கைக் கூட்டிக்கிட்டு கப்பல் ஏறிட்டார். ஆனா 2 தீமோத்தேயு 4ல, அதே மாற்கு தனக்கு ரொம்ப உபயோகப்படுவார், கூட்டிட்டு வாங்கன்னு பவுல் எழுதறார். நடுவுல ஒரு பர்னபா இருந்ததாலதான் இது நடந்துதுன்னு எனக்குத் தோணும்.

பாராட்டு மைக்ல, திட்டு அறைக்குள்ள. இந்த ஒண்ணைப் பெரியவங்க பழகிக்கிட்டா பாதிப் பசங்க சபையிலயே இருப்பாங்க.

உங்க ஊர் கோயில்லயும் மசூதியிலயும் பெரியவர், சின்னவர் கதை எப்படிங்க?