அடக்கமா, தகனமா? பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்

நம் சபைகளில் ஒரு காலத்தில் எழாத கேள்வி இது. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் துக்க மணி அடிக்கும். ஆசாரி பெட்டி செய்ய உட்காருவார். நாலு இளவட்டங்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்புவார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். எரிப்பதா புதைப்பதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இன்று கேட்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற பழைய கல்லறைகளில் புதுக் குழிக்கு இடம் கிடைப்பது அரிது. இருக்கிற குடும்பக் கல்லறையைத் திறந்து அதே குழியில் வைக்கிறார்கள், இல்லையென்றால் அடுக்கடுக்காகக் கட்டிய பெட்டகங்களில் வைக்கிறார்கள். இந்த நெருக்கடியில், ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "தகனம் பண்ணிரலாமே" என்கிறான் மகன். "அப்பாவை எரிக்கவா சொல்ற?" என்று வெடிக்கிறாள் மகள். அழ வேண்டிய நேரத்தில் வழக்குப் பேசுகிறார்கள். அந்த மனத்தாங்கல் காரியம் முடிந்தும் தீர்வதில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில்கூட அண்ணனும் தங்கையும் முகம் கொடுக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என் வயதை ஒத்தவர்களுக்கு இதை எழுதக் காரணம் அதுதான்.

முதலில் வேதத்தைப் பார்ப்போம். சாராள் இறந்தபோது ஆபிரகாம் ஏத்தியனாகிய எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையோடு சேர்ந்த நிலத்தை வாங்கினார். வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தில் அவருக்கென்று சொந்தமான முதல் நிலம் ஒரு கல்லறைதான். யோசேப்பின் எலும்புகளை இஸ்ரவேலர் எகிப்திலிருந்து சுமந்து வந்தார்கள். ஆண்டவர் இயேசுவின் சரீரத்தை அரிமத்தியா ஊர் யோசேப்பு தம்முடைய புதுக் கல்லறையில் வைத்தார். உயிர்த்தெழுதலை விளக்க வந்த பவுல் அப்போஸ்தலன், நிலத்தில் விதைத்த வித்தைத்தான் உவமையாக எடுத்தார். ஆகவே அடக்கம் நம் விசுவாசத்தோடு கூடவே வளர்ந்த வழக்கம். அதை லேசாக எண்ணுவதற்கில்லை.

ஆனால் எரிக்கக் கூடாது என்ற கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. பெலிஸ்தர் சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டபோது, யாபேசின் மனிதர்கள் இரவெல்லாம் நடந்து போய் அவற்றை எடுத்துவந்து தகனம் செய்தார்கள். எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம்பண்ணி ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சவுலுக்கு அவர்கள் காட்டிய தயவுக்காகத் தாவீது ஆள் அனுப்பி ஆசீர்வதித்தார்.

"எரித்துவிட்டால் உயிர்த்தெழுவது எப்படி?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. இதற்கு 177ஆம் ஆண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைச் சித்திரவதை செய்து கொன்றவர்கள், அவர்கள் உயிர்த்தெழவே கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். திருச்சபை வரலாற்றை எழுதிய எவுசேபியு இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த இரத்தசாட்சிகளின் நம்பிக்கை ஆற்றோடு போய்விட்டது என்று திருச்சபை ஒருநாளும் நினைத்ததில்லை. மண்ணில் வைத்த உடலும் காலப்போக்கில் மண்ணாகத்தானே போகிறது? ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைத்தவருக்குச் சாம்பல் ஒரு தடையாகுமா?

பிறகு ஏன் திருச்சபை தகனத்தை இவ்வளவு காலம் எதிர்த்தது? நெருப்புக்குப் பயந்து அல்ல. அதன் பின்னால் இருந்த எண்ணத்துக்காக. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், உயிர்த்தெழுதல் என்று ஒன்று கிடையாது எனக் காட்டவே சிலர் தகனத்தை ஓர் இயக்கமாக நடத்தினார்கள். அதனால் 1886இல் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தடை செய்தது. அந்தப் பகைமை தணிந்த பின் 1963இல் தடை தளர்ந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கத்தையே பரிந்துரைக்கிறது. விசுவாசத்துக்கு விரோதமான நோக்கம் இல்லாவிட்டால் தகனத்தைத் தடுக்கவில்லை. 2016இல் வந்த அறிவுறுத்தல் சாம்பலைக் கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொன்னது. காற்றிலோ கடலிலோ தூவ வேண்டாம் என்றது. சீர்திருத்தச் சபைகள் இன்னும் முன்னே போயின. கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் 1944இல் காலமானபோது அவர் உடலே தகனம் செய்யப்பட்டது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் மட்டும் பொதுவாக இன்றளவும் அடக்கத்திலேயே உறுதியாக நிற்கின்றன.

கொரோனா காலம் இந்தக் கேள்வியை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. கேரளத்தின் ஆலப்புழை கடலோரப் பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். தொற்றால் இறந்தவர்களுக்கு விதிப்படி ஆழமாகக் குழி வெட்ட முடியவில்லை. 2020 ஜூலையில் ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்டம் ஒரு முடிவெடுத்தது. மாராரிக்குளம் புனித அகுஸ்தினார் ஆலயக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சிதை அடுக்கி, இறந்த தாய் ஒருவரைத் தகனம் செய்தார்கள். ஜெபங்கள் நடந்தன, சாம்பல் அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் புதைத்தே பழகிய சனம், தங்கள் ஆயர் எடுத்துச் சொன்னதும் ஏற்றுக்கொண்டது.

அதே 2020இல் இலங்கையில் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரித்தே தீரவேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. முஸ்லிம்கள் கதறினார்கள், அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவர்களுக்கும் அது வேதனையானது. 2021 பிப்ரவரியில்தான் உத்தரவு விலகியது, 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. இரண்டு இடத்திலும் மூட்டியது ஒரே நெருப்புதான். ஆலப்புழையில் கலந்து பேசி, ஜெபித்து, இறந்தவரை மதித்துச் செய்தார்கள். இலங்கையில் குடும்பத்தின் வாயை அடைத்துச் செய்தார்கள்.

மண்ணில் வைப்பதாலேயே மரியாதை வந்துவிடுவதும் இல்லை. சென்னையில் 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியான நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கல்லெறிந்தது. இரவோடு இரவாக, குடும்பத்தார் யாரும் பக்கத்தில் இல்லாமல், சக மருத்துவர் ஒருவரே மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். தம் மத முறைப்படி அடக்கம் நடக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம் என்று சொல்லி, அவர் மனைவி நீதிமன்றம் வரை போனார். கும்பலை மட்டும் சொல்வானேன்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்க நாமே சுவர் வைத்தோம். ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்களைச் செத்த பிறகும் ஒதுக்கிவைப்பதற்குத்தான் ஆண்டவர் முன்னால் நாம் முதலில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நெருப்பைப் பற்றி அவர் அப்புறம் கேட்கட்டும்.

இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் என் மனதில் நின்றது ஒரு தாயின் சாவு. அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, சொந்த ஊரில் கணவர் பக்கத்திலேயே தமக்கும் ஒரு கல்லறையை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். அதில் அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனால் 387இல் ஊருக்குத் திரும்பும் வழியில், ரோமாபுரிக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். அம்மா அந்நிய மண்ணில் சாகக் கூடாதே என்று அகுஸ்தினாரோடு பிறந்த இன்னொரு மகன் புலம்பினான். மோனிக்கா அவனை வருத்தத்தோடு பார்த்தார். உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதற்காகக் கலங்காதீர்கள், ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் இரண்டு பிள்ளைகளையும் குற்ற உணர்ச்சியிலிருந்து விடுவித்தது. இறுதிச் சடங்கெல்லாம் இறந்தவருக்குத் துணை என்பதைவிட இருப்பவர்களுக்கு ஆறுதல் என்று பின்னாளில் அகுஸ்தினார் எழுதினார். கூடவே, உடலை அலட்சியமாகத் தூக்கி எறியலாகாது என்பதையும் வலியுறுத்தினார். இரண்டும் சேர்ந்ததுதான் நம் வழி.

நான் மண்ணையே கேட்டிருக்கிறேன். வழிவழியாக வந்த வழக்கம்; குழிக்குள் பிள்ளைகள் போடும் அந்தக் கைப்பிடி மண்ணில் ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆனால் இடம் கிடைக்காவிட்டாலோ பிள்ளைகள் வந்துசேர நாளானாலோ தகனம் செய்து, சாம்பலை என் மனைவியின் கல்லறையில் வைக்கலாம், அதனால் யாரும் மனம் நோக வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். விலையுயர்ந்த பெட்டி வேண்டாம், கிரானைட் வேண்டாம், கடன் வாங்கவே வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

நீங்களும் அடுத்த தடவை பிள்ளைகள் எல்லாரும் கூடும்போது பேச்சை எடுங்கள். "இப்ப எதுக்குப்பா இந்தப் பேச்சு?" என்பார்கள். விடாதீர்கள். அடக்கமோ தகனமோ, எந்த இடம், எந்தப் பாடல்கள், செலவு எவ்வளவு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். தகனம் என்றால் ஆராதனை முதலில் நடக்கட்டும், சாம்பல் வைக்கும் இடத்தில் பெயர் இருக்கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போதகர்களும் சாமியார்களும் சாவு வீட்டுக்கு வரும்வரை காத்திராமல், சுகமாக இருக்கும்போதே சபையாரிடம் இதைப் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு வீட்டையும் நிலத்தையும் பாகப் பத்திரத்தில் எழுதிவைக்கிறோம். நம்மை வழியனுப்பும் நாளில் அவர்கள் சண்டையிடாமல் ஒன்றாக நின்று அழுவதற்கான வழியையும் நாமே செய்துவிட்டுப் போவோம்.