கைப்பிடி அரிசியும் ஆண்டவரின் அழைப்பும்

எங்கள் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களிடம் 'அழைப்பு' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. "அந்தத் தம்பிக்கு அழைப்பு இருக்கு" என்றால், அவர் குருத்துவப் படிப்புக்குப் போகிறார், அல்லது மிஷனரியாக வடக்கே போகிறார் என்று அர்த்தம். அப்படிச் சொல்லக் காரணமும் இருக்கிறது. 1903-ல் திருநெல்வேலிச் சபையார் தங்கள் சொந்தக் காணிக்கையை வைத்தே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பிறகு அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை கிடையாது.

நானோ தபால் துறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன். சைக்கிளில் பட்டுவாடாவுக்குப் போனேன், பிறகு கவுண்டரில் முத்திரை குத்தினேன், கடைசியில் ஒரு சிறிய தபால் ஆபீசுக்குப் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2010-ல் ஓய்வு பெற்றேன். என்னைப் போன்றவனுக்கு அழைப்பு என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிலை எனக்குச் சொல்லித்தந்தவர்கள் இரண்டு பேர், என் அம்மாவும் என் அக்காவும்.

அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அப்பா பனையேறினவர். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே பெரிய காரியம். ஆனாலும் அம்மா உலையில் அரிசி போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்து மூலையில் இருக்கும் சின்னக் கலயத்தில் போடுவதை நிறுத்தவில்லை. அது ஆண்டவருக்கு உரிய கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். எங்கள் பக்கத்துப் பழைய வாசகர்கள் பலர் வீட்டிலும் இந்தக் கலயம் இருந்திருக்கும்.

ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். "நமக்கே பத்தலையேம்மா, இதுல எதுக்கு அதை வேற எடுக்க?"

"பத்தாததுல இருந்துதாம்ல எடுக்கணும். மிஞ்சுனதுல இருந்து எடுக்கதுக்கு விசுவாசம் எதுக்கு?" என்றாள்.

எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். விசுவாசத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வேதாகமத்தில் சாறிபாத் ஊர் விதவையிடமும் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருந்தன. முதலில் எலியாவுக்கு ஓர் அடை சுட்டுக் கொடுத்தாள். பானை நிரம்பிய பிறகு கொடுக்கவில்லை, கொடுத்த பிறகும் பானை நிரம்பி வழியவில்லை. அன்றன்றைக்குத் தீராமல் இருந்தது, அவ்வளவுதான்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். 1960-ல் வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸ் படிப்புக்குப் போனாள். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் காலமானதும் அதே ஆண்டில்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அக்கா எங்களுக்கு அந்த அம்மையாரின் கதையைச் சொல்லுவாள்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். படிக்க அமெரிக்கா போன இளம்பெண்ணுக்கு இந்தியாவில் மிஷனரியாக வாழ விருப்பமே இல்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்றதால் 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவியும் பிரசவ வேதனையில். "நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர்" என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. அதன் பிறகே அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்.

அக்கா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எப்போதும் இரண்டு வார்த்தை சேர்ப்பாள். "தம்பி, அன்னைக்கு வானத்துல இருந்து குரல் ஒண்ணும் வரல. வாசல்ல ஆளுதான் வந்து நின்னாங்க" என்பாள். இன்னொன்று, "அந்த அம்மா இந்தியாவுக்கு வந்ததே நோயாளித் தாயைப் பாக்கத்தான். அந்த வீட்டு அழைப்புக்கு வரலைன்னா, ரெண்டாவது அழைப்பு காதுல விழுந்திருக்குமா?"

அக்கா சொன்னதுபோலவே வாழவும் செய்தாள். அப்பா போன பிறகு வீட்டுக்கு மூத்தவள் அவள்தானே. படிப்பு முடிந்து சம்பளம் வந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் அவளுடைய மணியார்டர் வரும். அதில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பிறகு எங்கள் பக்கத்திலேயே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை பிரசவ வார்டில் வேலை பார்த்தாள். சுற்று வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள்.

2014-ல் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வயது 73. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அந்தச் சமயம் நானும் என் மனைவியும் பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுப் பக்கத்தில் போய்க் குடியிருக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். ஃபிளாட் பார்த்தாகிவிட்டது. பி.எஃப். பணத்தில் ஏழு லட்சம் அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். என் மனைவிக்கு முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் ஆசை வேறு.

டாக்டர், "இருதயம் பலவீனமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் படுக்கைதான்" என்றார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துல சேத்துட்டு நீங்க பெங்களூருக்குக் கிளம்புங்க. நான் சந்தோஷமாத்தான் சொல்லுதேன்" என்றாள்.

முதியோர் இல்லத்தைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். சில குடும்பங்களுக்கு அதுவே சரியான வழி. வேறு வழியில்லாமல் சேர்த்தவர்கள் மனம் நோகத் தேவையில்லை. ஆனால் எங்கள் காரியத்தில் முடிவைச் சொன்னது என் மனைவி. அன்றிரவு ஜெபம் முடித்து எழுந்து, "பெங்களூர் எங்கயும் போயிராது. மதினி வாசல்ல வந்து நிக்காங்க. நீங்க அந்த ஏழு லட்சத்தை எடுங்க" என்றாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஜெபம்கூட வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஜெபம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வாக்கர் பிடித்து ஒன்றரை வருஷம் நடந்தாள். 2016-ல் பக்கவாதம் வந்து முழுதாகப் படுக்கையில் விழுந்துவிட்டாள். எழுந்து நடக்க வேண்டும் என்று சபையே ஜெபித்தது. எழுந்து நடக்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆண்டவரை நம்பினால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. நடந்தது வேறு.

அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்தது. அக்காவைக் குளிப்பாட்டி உடை மாற்றுவது என் மனைவி. துணி துவைப்பது, சோறு வடிப்பது, இரவில் திருப்பிப் படுக்கவைப்பது என் பங்கு. அழைப்பு ஆணுக்கு, வேலை பெண்ணுக்கு என்று பிரிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும் என்பது நர்ஸ் அக்காவின் கண்டிப்பான உத்தரவு. வாய் குழறினாலும் கண்ணால் கடிகாரத்தைக் காட்டுவாள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு சகோதரி வியாழக்கிழமை மத்தியானம் தவறாமல் வந்து உட்காருவார். அந்த மூன்று மணி நேரம்தான் என் மனைவியின் வாரத் தூக்கம். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ ஓட்டிவந்த முஸ்லிம் தம்பி திரும்பும் வாடகையை ஒருநாளும் வாங்கவில்லை. "பெரியம்மா கையிலதான் நான் பொறந்தேன் அண்ணாச்சி" என்பான். ஃபிளாட் தள்ளிப்போனதில் முதலில் வருத்தப்பட்ட மகன், மூன்றாம் மாதத்திலிருந்து கேட்காமலே மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பினான்.

ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் மகனுக்கு விசா கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது என்று சொன்னார்கள். நான் எழுந்து, "எங்க அக்காவுக்கு இதுவரைக்கும் படுக்கைப் புண் வரல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். சிலர் சிரித்துவிட்டார்கள். நோயாளியை வைத்துப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

படுக்கையில் கிடந்த அக்காவுக்கும் ஓர் அழைப்பு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பிரஷர் பார்க்கவும், நாடி பிடித்து எண்ணவும், படுக்கைவிரிப்பைச் சுருக்கம் இல்லாமல் விரிக்கவும் அவளுக்குக் கற்றுக் கொடுத்தாள். பாதிப் பேச்சு, பாதிச் சைகை. அந்தப் பெண் நர்ஸிங் படித்து இன்று மதுரையில் வேலை பார்க்கிறாள். அக்கா 2018-ல், ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தாள். முதுகில் ஒரு புண்கூட இல்லை.

எது ஆண்டவரின் அழைப்பு, எது நம் சொந்த ஆசை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நண்பர்கள் கேட்பதுண்டு. நான் பெரிய வேதபண்டிதன் அல்ல. அனுபவத்தில் கண்டதைச் சொல்லுகிறேன். தேவை என் கண்முன் இருக்கிறதா, அதற்குக் கொடுக்க என் கையில் ஒரு பிடியாவது இருக்கிறதா, நான் விலகினால் அதைச் செய்ய வேறு ஆள் உண்டா என்று பார்ப்பேன். வாசலுக்கு வருகிற எல்லாவற்றையும் நாம் ஒருவரே சுமக்க முடியாது. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்கு மேல் அடையாளம் கேட்டுக் காத்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. ஐடா அம்மையாரை மாற்றியது ஓர் இரவு. ஆனால் டாக்டர் ஆவதற்கு அவர் வருஷக்கணக்கில் படித்தார். நாமும் ஜெபித்துவிட்டு பிரஷர் மாத்திரையைப் போட வேண்டும், பாங்குப் புத்தகத்தையும் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் கணக்கில் ஒரு துண்டு விழும். அந்தத் துண்டைத்தான் ஆண்டவர் கையில் விட்டுவிடுகிறோம்.

பென்ஷன் வாங்கும் வயதில் நமக்கு என்ன அழைப்பு என்று நினைக்கலாம். மோசே பார்வோன் முன் போய் நின்றபோது வயது 80. நம்மை யாரும் பார்வோனிடம் அனுப்பப்போவதில்லை. மனைவியை இழந்த பழைய சிநேகிதனுக்கு ஒரு போன் போடலாம். கண் மங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டலாம். மருமகள் ஆபீஸ் போகும் வரை பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

சாமுவேலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ராத்திரி முழுவதும் ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எவ்வளவு பெரிய காரியம்! விடிந்ததும் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? எழுந்துபோய் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தினமும் செய்கிற அதே வேலை. அதற்குப் பிறகு அவன் பேசப் போனதும் தூரதேசத்துக்கு அல்ல, அதே இடத்தில் இருந்த கண் தெரியாத வயசாளி ஏலியிடம்தான்.