பாலவனத்தம் சாலையில்... ஏடு முதல் கையெழுத்துப் படம் வரை!

அருப்புக்கோட்டை - விருதுநகர் சாலையில், வறண்ட கரிசல் பூமிக்கு நடுவே இருக்கிறது பாலவனத்தம். இந்த ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்தது அந்தச் சங்கம்.

இதே சாலையில் விருதுநகர் போனால், காமராஜர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1966-ல் சோவியத் யூனியன் வரை சென்று வந்த அவரது வாழ்க்கையை அங்குள்ள புகைப்படங்களில் பார்க்கலாம்.

உலகத் தலைவர்கள் சந்தித்த படத்தில் தலைவரே கையெழுத்திட்டிருந்தால், சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மதிப்பு. காந்தி தன் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார். ஆனால், இயந்திரம் போடும் கையெழுத்தும் உண்டு. இரண்டு படங்களில் கையெழுத்து அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் உஷார்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தலைவர் படம் இருக்கிறதா? யார், எங்கே, எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அந்த விவரம் தொலைந்தால், கையெழுத்து இருந்தும் அது வெறும் படம்தான்.