லோடு கொடுத்துப் பாருங்க

கடலை ஒட்டிய தெருக்களில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது துரு. கேபினட் திருகுகள், விசிறிக்கு மேலிருக்கும் கம்பிவலை, பின்பக்கத் தகரம் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றிருக்கும். ராயபுரம் கல்மண்டபத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சந்தில், எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரின் கடையில் உட்கார்ந்து இதை நேரில் பார்த்தேன். அறுபதை நெருங்கும் வயது. 1980களில் சாலிடேர், டயனோரா டி.வி.க்களைப் பிரித்துப் பூட்டிக் கைபழகியவர். டி.வி. வேலை குறைந்ததும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டார். “உள்ள ஓடுற கரன்ட்டு ஒண்ணுதான சார், டப்பாதான் மாறிச்சு” என்றார்.

நான் போயிருந்த நேரத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தன் கேபினட்டை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, தானே அசெம்பிள் செய்த மிஷின். கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையது வாங்கிப் போட்டிருக்கிறார்.

“எப்போ ஆஃப் ஆவுது தம்பி?”

“வீடியோ எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் குடுத்தா டப்புனு ரீஸ்டார்ட் ஆயிடுதுண்ணே. டைப் அடிச்சா, படம் பாத்தா ஒண்ணும் ஆவறதில்ல.”

“சாயங்காலம் மட்டுமா, பகல்லயுமா?”

“எப்பவுமே.”

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. மாலையில் தெருவே விளக்குப் போடும்போதோ, பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போதோ மட்டும் கோளாறு வந்தால், சந்தேகம் முதலில் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மேல் போகும். எந்நேரமும் வந்தால் பெட்டிக்குள்ளேயே தேட வேண்டும். முன்பு காட்டிய ஒரு கடையில் ரேம் போய்விட்டது என்றார்களாம். இன்னொன்றில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன்பே பாதி வேலை நடந்துவிட்டது.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில்தான் இன்றும் பெரும்பாலான அசெம்பிள்டு மிஷின்கள் ஓடுகின்றன. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. இவை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது, 12.6-ஐத் தாண்டக் கூடாது. இருபத்தைந்து வருடங்களுக்கு முந்தைய மிஷின்களில் 5 வோல்ட்தான் நிறைய உழைத்தது. இப்போது பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டை இழுத்து, தம் பக்கத்திலேயே ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்துக்கொள்கின்றன. மஞ்சள் ஒயர் சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்.

மிஷினை ஆன் செய்தார். மல்டிமீட்டரின் கறுப்பு முள் கறுப்பு ஒயரில். சிவப்பு முள்ளை கார்டுக்குப் போகும் கனெக்டரின் முதுகுப் பக்கமாகச் செருகினார். 12.0. மாணவர் முகம் வாடிப்போயிற்று. கோளாறு அங்கே இல்லை என்று நினைத்துவிட்டார்.

“சும்மா கிடக்கும்போது எல்லாம் நல்லாத்தான் காட்டும் தம்பி. லோடு குடு.”

எக்ஸ்போர்ட் ஓடத் தொடங்கியதும் மீட்டர் 11.3-க்கு இறங்கியது. முள்ளை அப்படியே எடுத்து, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து ஒயர் வெளியே வரும் முனையில் வைத்தார். அங்கே 11.9. அதற்குள் திரை இருண்டு மிஷின் திரும்ப ஆரம்பித்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பெட்டி 11.9 அனுப்புகிறது; கார்டுக்கு 11.3 சேர்கிறது. வழியில் 0.6 வோல்ட் தொலைகிறது. டிசி-யும் அளக்கும் டாங் டெஸ்டரை மஞ்சள் ஒயரில் மாட்டிப் பார்த்தால், லோடில் ஆறு ஆம்பியர், சும்மா இருக்கையில் ஒரு ஆம்பியர். ஓமின் விதியைக் கொண்டு கணக்குப் போட்டால் அந்த வழியில் 0.1 ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆம்பியர் போகும்போது இழப்பு 0.1 வோல்ட்தான், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆறு போகும்போது 0.6 வோல்ட், கூடவே மூன்றரை வாட்டுக்கு மேல் சூடு. மீட்டர் காட்டுவதும் சராசரிதான். சில மில்லிசெகண்ட் நேரம் அதற்கும் கீழே குதித்து ஏறுவதை அது காட்டாது, கார்டு உணர்ந்துவிடும்.

குற்றவாளி ஒரு ஸ்ப்ளிட்டர் ஒயர். பழைய ஹார்ட் டிஸ்க் கனெக்டரிலிருந்து கார்டுக்கு ஆறு முள் கனெக்டராக மாற்றிக் கொடுக்கும் மலிவான துண்டு. கழற்றினால் ஒரு முள் கறுத்து, சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. தளர்வான முள்ளில் உப்புக்காற்று களிம்பு பிடிக்க வைக்கிறது. களிம்பு தடையைக் கூட்டுகிறது. தடை சூட்டைக் கூட்டுகிறது. சூட்டில் முள் இன்னும் தளர்கிறது. ஆறு முள் கேபிள் நேராகவே வரும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பூட்டி, அரை மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடவிட்டு, இரு முனையிலும் மறுபடி அளந்த பிறகே கேபினட்டை மூடினார். விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் ஐந்து நிமிடம் மீட்டர் வைத்திருந்தால், அந்தப் பையனின் பல மாதக் கோப்புகள் தப்பித்திருக்கும். எனக்கு அதில் கோபமே வந்தது.

மேசையின் மறுபக்கம் எண்ணூரிலிருந்து வந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த நாட்களில் வந்த செட்களைப் பற்றிச் சொன்னார். சகதி காயலாம், எண்ணெய்ப் படலம் காயாது. ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நாள்கணக்கில் வைத்து, அதன் பிறகும் நேராக பிளக்கில் சொருக மாட்டாராம். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுகிறார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பியூஸ் வெடிக்காது. பெட்டியை ஆன் செய்யும் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் விசிறி சுற்ற வேண்டும். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். அதை இறக்காமல் அவர் கையை உள்ளே விடுவதில்லை.

கிளம்பும்போது மாணவர் போகிற போக்கில் சொன்னார்: வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதாம். மெக்கானிக் உடனே டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினார்; நானும் போனேன். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே லைனுக்கும் பாடிக்கும், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பாடியில் பாதி வோல்ட்டேஜ், 115 அளவில், மிதக்கும்.

காசிமேட்டு வீட்டில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தது; எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இல்லை. மாணவரின் அப்பா, “நியூட்ரல்லேர்ந்தே ஒரு துண்டு முறுக்கி விட்றேன் சார்” என்றார். மெக்கானிக் கையமர்த்தினார். எங்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230-ம் கேபினட் தகரத்துக்கு வந்துவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கினார்.

சந்தில் இறங்கி எர்த் குழியைத் தேடினோம். உப்பு ஈரம் உள்ள மண் மின்சாரத்தை நன்றாகவே வாங்கிக்கொள்ளும்; ஆனால் அதே உப்பு இரும்புக் குழாயை அரித்துவிடும். இங்கே குழாய் மண்மட்டத்தில் இற்றுப் போயிருந்தது. புதுக் குழாய்க்கும் செம்பு ஒயருக்கும் அளவெடுத்துக் கொடுத்து, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரின் நம்பரை எழுதித் தந்தார்.

“அது வர்ற வரைக்கும் இதை ஆன் பண்ணாத தம்பி.”

உள்ளேயிருந்து மாணவரின் அம்மா கேட்டார்: “ஏங்க, ஃப்ரிட்ஜும் அப்பப்ப இப்படித்தான் சுர்ருங்குது, அதுவும் இதனாலயா?”

“எர்த் இல்லாததும் ஒரு காரணமா இருக்கலாம்மா, பாத்துத்தான் சொல்லணும். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க. நாளைக்கே ஆளை வரச் சொல்லுங்க” என்றபடி ஃப்ரிட்ஜ் இருந்த பக்கம் போனார்.