படிக்கட்டு இல்லாத கோபுரம்

2002-இல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட மாரோவிண்ட் விளையாட்டில் டெல்வானி என்றொரு மந்திரவாதிக் குலம் வருகிறது. ராட்சதக் காளான்களை வளர்த்து அவற்றையே கோபுரமாக்கிக் குடியிருப்பவர்கள். அந்தக் கோபுரங்கள் பலவற்றில் உச்சி மாடத்துக்கு ஏறப் படிக்கட்டே கிடையாது. மிதக்கும் மந்திரம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கான மருந்தையோ சுருளையோ காசு கொடுத்து வாங்கி வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். மந்திரம் அறியாதவனோடு பேச என்ன இருக்கிறது என்ற அந்தக் குலத்தின் இறுமாப்பை ஒரு வசனமும் இல்லாமல் கட்டடமே சொல்லிவிடுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே தொடரில் ஆப்லிவியன் வந்தபோது மிதக்கும் மந்திரம் காணாமல் போயிருந்தது. அதன் பெரிய ஊர்கள் மதிலுக்குள் தனித்தனி உலகங்களாக இருந்தன. வாசலில் நுழையும்போதுதான் கணினி அவற்றை ஏற்றும். மதிலைத் தாண்டிப் பறந்தால் மறுபக்கம் ஊர் இருக்காது. 2011-இன் ஸ்கைரிமிலும் அந்த மந்திரம் திரும்பவில்லை. இந்த மூன்று விளையாட்டுகளை முன்னிறுத்தி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கூட்டம் சேர்ப்பதற்காகச் சிக்கலை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. புதியவர்களுக்குக் கதவு திறந்தது, வேறென்ன வேண்டும் என்பது எதிர்க்கட்சி. எளிமையும் சிக்கலும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பதை மட்டும் இரண்டு கட்சியும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கின்றன. அந்த ஒப்புதலோடுதான் எனக்குத் தகராறு.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் புலம்பல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மாரோவிண்டில் 27 திறன்கள், ஆப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. முதல் இரண்டில் வலிமை, அறிவு என்று எட்டு அடிப்படைப் பண்புகள் இருந்தன. ஸ்கைரிம் அவற்றை நீக்கிவிட்டு உடல்நலம், மந்திர ஆற்றல், தாக்குப்பிடிக்கும் ஆற்றல் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது. இந்த வெட்டில் பெரிதாக ஒன்றும் போகவில்லை என்பது என் கட்சி. மாரோவிண்டில் ஒரு லெவல் ஏறும்போது எந்தப் பண்பு எவ்வளவு கூடும் என்பது, இடைப்பட்ட காலத்தில் எந்தத் திறனை எத்தனை முறை உயர்த்தினோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே கணக்குப்பிள்ளை மனம் கொண்டவர்கள் சாகசத்தை ஒத்திவைத்து நோட்டுப் புத்தகத்தில் கூட்டிக் கழித்தார்கள். சண்டையும் அப்படித்தான். கத்தி எதிரியின் உடம்புக்குள் புகுந்து வெளிவருவது கண்ணுக்குத் தெரியும்; பின்னால் உருளும் பகடையோ அடி விழவில்லை என்று சொல்லும். ஓடிக் களைத்தவனின் வீச்சு தவறும் என்பது நியாயமான விதி. ஆனால் களைப்புக்கும் தவறிய அடிக்கும் உள்ள உறவைத் திரை காட்டுவதில்லை. இதைச் சிக்கல் என்று பாராட்டுவது தவறு. விதி ஆழமாக இருப்பது வேறு, மறைந்திருப்பது வேறு. பழைய விளையாட்டுகளின் பெருமையாகப் பேசப்படுவதில் கணிசமான பங்கு இரண்டாவது வகை.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நடந்தது. மாரோவிண்டின் தொடக்கத்தில் ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்திலிருந்து ஒரு புதிர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஊரை விட்டுத் தெற்கே இறங்கி ஆற்றைப் பாலத்தில் கடந்து, படைக்கோட்டையை அடைந்து, அதன் அருகே எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பழங்காலப் பாலத்தைத் தாண்டிப் போ, வாசலைத் திறக்கக் குழாயில் ஒரு திருகு இருக்கிறது என்கிற ரீதியில் வழி கிடைக்கும். மேப்பில் அம்புக்குறி இல்லை. ஆட்டக்காரர் அதைக் காதில் வாங்கி, நாட்குறிப்பில் பார்த்து, பாலம் எது, கோட்டை எது என்று நிலத்தோடு ஒப்பிட்டுப் போக வேண்டும். இதில் ஆட்டக்காரர் படும் பாட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உருவாக்கியவர்கள் பட்ட பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வழி வேலை செய்ய வேண்டுமானால் பழங்காலப் பாலம் பார்த்த கணத்தில் பழங்காலப் பாலமாகத் தெரிய வேண்டும். மற்றப் பாலங்களிலிருந்து வேறுபட்ட உலோகத்தில், வேறொரு நாகரிகத்தின் கைவண்ணத்தில் இருக்க வேண்டும். சாலையில் கைகாட்டிப் பலகை நிற்க வேண்டும். வழி சொல்பவருக்கு அந்த வட்டாரம் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டும் பொறுப்பு உலகத்தின் மேல் விழுந்ததால் அந்த உலகம் தெளிவாகப் பேசக் கற்றுக்கொண்டது.

ஆப்லிவியன் திரையின் கீழே ஒரு திசைகாட்டியை வைத்து, போக வேண்டிய இடத்தை அதில் அம்புக்குறியாகக் காட்டியது. அதே விளையாட்டில்தான் எல்லா உரையாடலும் குரலாக மாறியது. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் பத்து வரி வழி சொல்வதற்குச் செலவு கிடையாது. குகையை நாளைக்கு வேறு மலைக்கு மாற்றினால் வரியையும் மாற்றிவிடலாம். நடிகரை வைத்துப் பதிவு செய்துவிட்ட வாக்கியத்தை அப்படி மாற்ற முடியாது. அம்பு இருக்கும்போது அந்த வாக்கியமே எதற்கு? ஆகவே விளையாட்டுக்குள் வரும் மனிதர்கள் வழி சொல்வதை மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். போய் எடுத்து வா என்பார்கள். எங்கே என்பதை அம்பு பார்த்துக்கொள்ளும்.

இங்கே முதல் மறுப்பு எழும்: பிடிக்காதவர்கள் அம்பை அணைத்துவிட்டு விளையாடட்டுமே, யார் தடுத்தது? கேட்க நியாயமாகத் தெரியும் வாதம். ஆனால் ஸ்கைரிமில் அதைச் செய்து பார்த்தால் கிடைப்பது மாரோவிண்ட் அல்ல. அதன் பல வேலைகளைக் கணினியே இடம் தேர்ந்து ஒதுக்குகிறது. இன்ன குகையில் இருக்கும் கொள்ளைக்காரத் தலைவனை ஒழித்துவிடு என்று வேலை வரும். அந்தக் குகை எந்தச் சாலைக்குப் பக்கத்தில், எந்த ஏரிக்கு வடக்கில் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்பை அணைத்தால் சிக்கல் கூடுவதில்லை, தகவல் குறைகிறது, அவ்வளவுதான். அம்பைச் சேர்ப்பது சுலபம். அதைச் சேர்த்த பிறகு யாரும் செய்யாமல் விட்ட வேலையை ஒரு பொத்தான் திருப்பித் தராது. இத்தனைக்கும் ஸ்கைரிமின் உலகத்துக்குப் பேசத் தெரியாமல் இல்லை. தொடக்கத்திலேயே கூட வரும் வீரன் ஆற்றுக்கு அப்பால் மலைமேல் நிற்கும் பாழ்க்கல்லறையைக் காட்டிப் பேசுவான். அது ரிவர்வுட் கிராமத்திலிருந்து கண்ணுக்கும் தெரியும். அடுத்து அங்கேதான் போகப் போகிறோம். கண்ணுக்குத் தெரிகிற மலைக்கும் அம்பு காட்டுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. இன்னொரு வேடிக்கை, போக வேண்டிய பாதையைத் தரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டும் மந்திரம் ஒன்று அதில் இருக்கிறது. கற்க எளியது, மந்திர ஆற்றலைச் செலவழிப்பது, கதையுலகத்துக்குப் பொருந்துவது. வழி தெரியாதவருக்கு விளையாட்டுக்குள்ளேயே செய்து தரக்கூடிய மிகப் பொருத்தமான உதவி. அம்பு இருப்பதால் அதை யாரும் சீந்துவதில்லை.

எளிதில் நுழையக்கூடியதும் ஆழமானதும் ஒரே பொருளாக இருக்க முடியும் என்பதற்கு 2017-இல் நின்டெண்டோ வெளியிட்ட செல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட் சான்று. முக்கியக் கதைக்கு அதிலும் மேப்பில் குறி உண்டு. ஆனால் கோபுரம் ஏறினால் கிடைப்பது நிலத்தின் வரைபடம் மட்டுமே. அங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல் வராது. உச்சியில் நின்று தொலைநோக்கியால் பார்த்து, ஏதோ ஒளிர்கிறதே என்று தோன்றும் இடத்தில் குறி வைக்க வேண்டியவர் ஆட்டக்காரர்தான். மலைகளையும் மேடுகளையும் ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டும்படி அமைத்திருப்பதால், ஒரு குன்றைச் சுற்றி வந்ததும் இன்னொரு காட்சி எழும்பி இழுக்கிறது. விதிகளோ ஒரு குழந்தை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளக் கூடியவை. நெருப்பு புல்லை எரிக்கும். எரியும் இடத்தில் காற்று மேலெழும். இடி மின்னலில் உலோகம் ஏந்தியவன் மேல் மின்னல் விழும். குளிரில் கம்பளி உடை வேண்டும், அல்லது காரமான மிளகாயைச் சமைத்துத் தின்ன வேண்டும், அதுவும் இல்லையென்றால் எரியும் தீப்பந்தம் கையில் இருந்தால் போதும். இவற்றில் எதையும் கையேட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பூமியில் வாழ்ந்த அனுபவமே பாதிப் பாடம். அவை கலக்கும்போது பிறக்கும் வழிகளுக்கோ கணக்கில்லை. எதிரிகளின் முகாமுக்குப் பக்கத்தில் புல்லைக் கொளுத்தி, எழும் காற்றில் பாய்மரத் துணியை விரித்து மேலே போய், அங்கிருந்து அம்பு எய்யலாம். மின்னல் பொழுதில் உலோகக் கத்தியை எதிரி காலடியில் வீசிவிட்டு ஒதுங்கி நிற்கலாம். தயாரிப்புக் குழு இந்தக் கலவையைச் சோதிக்க, 1986-இன் முதல் செல்டாவைப் போன்ற தட்டையான மாதிரி ஒன்றைச் செய்து பார்த்ததாக 2017-ஆம் ஆண்டின் ஜிடிசி என்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் சொன்னார்கள். படத்தின் பகட்டு இல்லாமலே விதிகளின் கலவை சுவைக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். மாரோவிண்டின் 27 திறன்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த விதிகள் சொற்பம், விளையும் சிக்கலோ அதிகம். நின்டெண்டோவின் கணக்குப்படியே ஸ்விட்ச் கருவிக்கு மட்டும் அது 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அம்பைப் பின்தொடராத கூட்டம் சிறியது என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

2022-இன் எல்டன் ரிங்கைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேச முடியாது. ஹிடேடாகா மியாசாகியின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் கடினத்துக்குப் பெயர் போனது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியை அது தருவதில்லை. ஆனால் தொடக்க இடத்தை விட்டு வெளியே வந்ததும் பாதையில் பொற்கவசக் குதிரைவீரன் ஒருவன் நிற்கிறான். மோதினால் சாவு. சுற்றிப் போனால் ஒன்றும் ஆகாது. முடியாத இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போ, வலுத்த பின் திரும்பி வா என்ற பாடத்தை அவன் ஒருவனே நடத்திவிடுகிறான். கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி செட்டிங்ஸ் பட்டியலில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. தெற்கே இறங்கினால் ஓரளவு சுலபம், வடக்கே போனால் கோட்டை வாசலில் மார்கிட் என்ற வலிய எதிரி காத்திருக்கிறான். திறந்த நிலப்பரப்பையே ஏணியாக்கிய இந்த யோசனை, ஆப்லிவியன் செய்ததைவிட எவ்வளவோ நேர்மையானது. ஆப்லிவியனில் ஆட்டக்காரரின் லெவலோடு உலகமும் சேர்ந்து உயர்ந்தது. பிற்பகுதியில் வழிப்பறித் திருடன்கூட விலைமதிப்பற்ற கவசத்தில் வந்து சில்லறை கேட்டு மிரட்டினான். எங்கும் எப்போதும் போகலாம் என்ற தாராளம், எங்கே போனாலும் ஒன்றுதான் என்பதில் முடிந்தது.

ஆனாலும் எல்டன் ரிங்கின் மனிதர்கள் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் கதைகள் எந்தக் குறிப்பேட்டிலும் பதிவாவதில்லை. ஒருவர் ஓரிடத்தில் பேசிவிட்டு மறைந்து, தொலைவில் வேறோரிடத்தில் தோன்றுவார். எப்படித் தெரியும் என்றால் தெரியாது. பிறர் எழுதிவைத்த வழிகாட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பலர் அந்தக் கதைகளை முடித்தார்கள். இது மர்மம் என்பார்கள் விசிறிகள். வெளியான மறுமாதமே வந்த 1.03 திருத்தம், சந்தித்த மனிதர்களை மேப்பில் குறித்து வைக்கும் வசதியைச் சேர்த்தது. செய்தவர்களுக்கே அது குறையாகப் பட்டிருக்க வேண்டும். அந்தக் குறிகளால் விளையாட்டின் ஆழம் ஒரு முழம்கூடக் குறையவில்லை.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு இன்னும் இருக்கிறது. வேலை முடித்து இரவில் அரைமணி நேரம் விளையாடுகிறவருக்கு, பார்வை மங்கியவருக்கு, கை நடுங்குகிறவருக்கு இந்தப் பேச்சால் என்ன பயன்? பொத்தான்களை மாற்றி அமைப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, நிறக்குருடு உள்ளவர்களுக்கு நிறங்களை மாற்றுவது, ஒலிக்குப் பதிலாகக் காட்சிக் குறிப்புத் தருவது ஆகிய எல்லாம் எந்த விளையாட்டிலும் இருந்தே தீர வேண்டும். இவற்றில் ஒன்றுகூட உலகத்தின் சிக்கலைத் தொடுவதில்லை. ஆகவே இந்த வசதிகளைக் கேட்பவர்களை எளிமைவாதிகள் என்று ஏளனம் செய்பவர்கள் இரண்டு வேறு வழக்குகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். மொழி விஷயம்தான் உண்மையிலேயே கடினம். மாரோவிண்ட் ஒரு தடித்த புத்தகம் அளவுக்கு ஆங்கிலம் படிக்கச் சொல்கிறது. மேலே பேசிய எதுவும் தமிழில் வரவில்லை. மதுரையிலோ மட்டக்களப்பிலோ ஒரு பதின்வயதுப் பையன் அரைகுறை ஆங்கிலத்தோடு உட்காரும்போது, ஆற்றுக்குத் தெற்கே, கோட்டைக்குப் பக்கத்தில் என்ற வரி அவனுக்கு மதில். அம்புக்குறியோ எந்த மொழியும் கேட்காது. இந்த இடத்தில் அம்பின் தரப்பு வலுவானது, அதை மறுக்கப் போவதில்லை. ஆனாலும் அவனுக்கு மிகவும் திறந்திருக்கும் உலகம், நெருப்பும் குளிரும் மலையும் தாமாகவே பேசுகிற உலகம்தான். பொற்கவச வீரனைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

நடுவழியும் சிலர் தேடினார்கள். 2018-இன் அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி, தொடங்கும்போதே இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒன்றில் குறி காட்டும். மற்றதில் இன்ன நாட்டில், இன்ன இடத்துக்குக் கிழக்கே என்று துப்பு மட்டும் கிடைக்கும். தேர்வு அர்த்தமுள்ளதாக இருந்தது, ஏனென்றால் துப்புகளை யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். 2020-இன் கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் அம்புக்குப் பதிலாகக் காற்று வீசுகிறது; புல் சாயும் திசையில் போக வேண்டும். அழகான அம்பு என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் கண்ணைத் திரையின் மூலையிலிருந்து எடுத்துப் புல்வெளியில் வைத்ததே பெரிய காரியம்.

2025 ஏப்ரலில் ஆப்லிவியனைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். ஒளியும் நிழலும் அன்ரியல் என்ஜின் 5-இல் மறுபிறவி எடுத்தன. லெவல் ஏறும் முறையில் பழைய கூட்டல் கழித்தலை நீக்கி, விருப்பம்போல் பங்கிடும் புள்ளிகளை வைத்தார்கள்; நல்ல முடிவு, அதற்காக உலகம் ஒன்றும் மெலிந்துவிடவில்லை. திசைகாட்டியும் அம்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்தால் ஒவ்வொரு வேலைக்கும் யாராவது வழி சொல்ல வேண்டும். 2006-இன் விளையாட்டுக்காகப் பதிவான குரல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வழி தெரியாது.