ஒரு பிரதியும் பல பிரதியும்

கோப்பாயிலுள்ள எமது இல்லத்தில் பாட்டனார் விட்டுச்சென்ற றங்குப்பெட்டி ஒன்றுண்டு. காணி உறுதிகள், சாதகக் குறிப்புகள், கடிதங்கள், கையெழுத்துக் கொப்பிகள் என அதனுள் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கின்றது. அவற்றை எண்ணிமப்படுத்த முற்பட்ட வேளையில், தாளின் சுமையினும் அதன் படத்தின் சுமை பெரிதென்பது எனக்குப் புலனாயிற்று.

ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் வருடிச் சுருக்காது வைப்பின், அஃது ஏறத்தாழ 26 மெகாபைற்று ஆகும். 200 பக்கங்களுக்கு 5 கிகாபைற்றுக்கு மேல் வேண்டும். அப்பக்கத்தின் 1,500 எழுத்துகளை மட்டும் தட்டெழுதினால் 10 ஆயிரம் பைற்று போதும். ஆயின் கையொப்பமும் முத்திரையும் ஓரக் குறிப்பும் எழுத்துப் பாடத்தில் வாரா. ஆதலின் படமும் வேண்டும்.

இதற்குக் கணினியறிஞர் கண்ட வழி எளிமையானது. தலைப்பு, ஆண்டு முதலிய விவரங்களை அட்டவணையிலும், படத்தைத் தனிக் களஞ்சியத்திலும் வைப்பர். படத்தின் பைற்றுகள் அனைத்தையும் கணித்து, கைரேகை போன்றதோர் எண்ணைப் பெற்று, அதனையே அதற்குப் பெயராக இடுவர். அப்பாச்சி ஜாக்ரபிற் என்னும் களஞ்சிய மென்பொருள் பெருங்கோப்புகளை இவ்வாறே பேணுகின்றது. ஒரே கோப்பை மூவர் மூன்று முறை சேர்ப்பினும் களஞ்சியத்தில் ஒன்றே நிற்கும். அட்டவணைகள் மூன்றும் அதனையே சுட்டும். தலைப்பைத் திருத்தினும் படம் அசையாது.

எனினும், ஒரே பக்கத்தை மறுமுறை வருடினால் பைற்றுகள் வேறுபடும்; ரேகையும் வேறாகும். இரண்டும் ஒன்றெனக் காண இந்த ரேகை போதாது; ஒப்புநோக்கல் வேண்டும். எமக்கு அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

சிக்கனத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. மூன்று அட்டவணைகள் சுட்டும் ஒரே படம் அழியின் மூன்றும் வெறுமையாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதவை மீளவே இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்விழப்பே உணர்த்தும்.

ஆகவே, ஒரு களஞ்சியத்துள் ஒரு பொருள் இருமுறை இருத்தல் வீண். ஓரிடத்தில் மட்டும் இருத்தலோ கேடு. முன்னது தற்செயலாய் நேரும் மிகை. பின்னதற்கு மாற்றாக நாம் வைக்கும் பிரதியோ திட்டமிட்ட காவல். எமது பெட்டியின் படங்கள் இன்று கோப்பாயிலும் கொழும்பிலும் கடல்கடந்த உறவினர் ஒருவரிடத்தும் உள்ளன. ஆண்டுக்கொருமுறை மூவிடத்து ரேகைகளையும் ஒப்பிடுகின்றோம். ஓரிடத்தில் ஒரு பைற்று பிறழ்ந்தாலும் மற்றிரண்டும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.